விசுவாசமும் பெரிய கிரியைகளும்

சிங்காநல்லூரில் நாம் போதகப் பணியாற்றும் சபையில் நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்கள் பல உண்டு. ஆலைச் சங்கின் ஒலியைக் கொண்டே பொழுதறிந்த தலைமுறையைச் சேர்ந்த முதியோர் இன்றும் ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் பஞ்சுத் தூசியில் உழைத்தவர். நுரையீரல் நோயால் நெடுநாள் துன்புற்றவர். உறவினர் அவரை ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றனர். அங்கே யோவான் நற்செய்தி 14:12-ஐ எடுத்துப் பேசிய பிரசங்கியார், விசுவாசிப்பவன் ஆண்டவர் செய்தவற்றிலும் பெரியவற்றைச் செய்வான் என்றும், ஆகவே மருந்தை நாடுவது அவிசுவாசத்தின் அடையாளம் என்றும் கூறினாராம். நோயாளர் மருந்தை நிறுத்தினார். மூன்று திங்களுக்குள் மறைந்தார். அடக்க ஆராதனை முடிந்த சில நாள்களில் அவருடைய மனைவி ஆலயத்துக்கு வந்து நம்மிடம், "ஏனுங்க ஐயா, எங்க விசுவாசந்தான் பத்தலைங்களா?" என்று கேட்டார்.

அன்று நாம் அவரோடு சேர்ந்து ஜெபித்தோமேயன்றி, அவ்வினாவுக்கு விடையளித்தோமில்லை. இதில் நம் குற்றமும் உண்டு. அவ்வசனத்தை ஆண்டுதோறும் ஆராதனையில் வாசித்திருக்கிறோம். ஆனால் அதை விளக்கிப் பிரசங்கித்ததில்லை. கடினமான வசனம் என்று நாம் கடந்து சென்றோம்; அதனால் வேறொருவர் அதைத் துணிவோடு தவறாக விளக்கும்போது, சபையார் அதனைச் சோதித்தறிய வகையின்றிப் போயிற்று. காலந்தாழ்த்தியேனும் அவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாக்கு அளிக்கப்பட்ட சூழல்

இவ்வாக்கு வெற்றிக் களிப்பில் அளிக்கப்பட்டதன்று. யூதாசு இரவில் வெளியே சென்றுவிட்டான். சேவல் கூவுமுன் பேதுரு மறுதலிப்பான் என்று ஆண்டவர் முன்னறிவித்துவிட்டார். வழி தெரியவில்லை என்கிறான் தோமா. பிதாவைக் காண்பியும் என்கிறான் பிலிப்பு. கலக்கமுற்றிருந்த, சில மணி நேரத்தில் சிதறி ஓடவிருந்த இச்சீடரை நோக்கியே ஆண்டவர் பெரிய கிரியைகளைக் குறித்துப் பேசினார். ஆதலின், குறைவற்ற விசுவாசமுடையோர்க்குக் கிடைக்கும் பரிசாக இவ்வாக்கைக் கருதுவது பொருந்தாது.

மேலும், இவ்வாக்கு அப்போஸ்தலருக்கு மட்டும் உரியதாகக் கூறப்படவில்லை. மூலமொழியில் 'என்னை விசுவாசிக்கிறவன்' என்னும் பொதுச்சொல்லே உளது. நூற்பாலைத் தொழிலாளியும் அவருடைய மனைவியும் இதில் அடங்குவர். வரம் பெற்றவர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் சிலருக்கு மட்டும் இதனை ஒதுக்கிவைக்க எவருக்கும் உரிமையில்லை.

'பெரிய' என்பதன் பொருள்

'பெரிய' என்பதை 'அதிக வியப்புக்குரிய' என்று கொள்வோமாயின் இடர்ப்படுவோம். நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசருவை எழுப்பியதினும் வியத்தகு செயலைத் திருச்சபையின் வரலாற்றில் எவர் செய்தார்? ஆகவே இச்சொல்லின் பொருளை யோவானிடமே கேட்டறிதல் வேண்டும்.

யோவான் தம் நற்செய்தியில் 'அடையாளங்கள்' என்றும் 'கிரியைகள்' என்றும் இரு சொற்களை ஆளுகிறார். அடையாளம் என்பது காண்போரை அதற்கு அப்பாலுள்ள ஒன்றனிடம் அழைத்துச் செல்வது. கிரியை என்பதோ அதனினும் விரிந்த சொல். குமாரன் வழியாகப் பிதா நிறைவேற்றும் பணி முழுவதையும் அது குறிக்கும். நாம் ஆராயும் வசனத்தில் உள்ள சொல் 'கிரியைகள்' என்பதே. இதே நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், பெதஸ்தாவில் கிடந்தவன் நடந்த பின்பு, பிதா குமாரனுக்கு இவற்றினும் பெரிய கிரியைகளைக் காண்பிப்பார் என்று ஆண்டவர் கூறுகிறார். அவை எவை என்பதையும் உடனே விளக்குகிறார். மரித்தோர் உயிர்பெறுவதும் நியாயத்தீர்ப்பு நிகழ்வதுமே அவை. ஆகவே யோவானின் வழக்கில் கிரியையின் பெருமை, அது மனிதருக்கு உயிரளிப்பதில் இருக்கிறதேயன்றி, காண்போரை மலைக்கச் செய்வதில் இல்லை.

இவ்வாக்கின் காரணமும் அவ்வசனத்திலேயே உளது. தாம் பிதாவினிடத்துக்குப் போவதனால் இது நிகழும் என்கிறார் ஆண்டவர். அவர் ஒரு காலத்தில், ஒரு சிறு நாட்டில், தம் இரு கைகளால் ஊழியம் செய்தார். அவர் உயர்த்தப்பட்டுத் தேற்றரவாளன் அருளப்பட்ட பின்போ, அவருடைய கிரியை எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் எண்ணிறந்தோர் வாயிலாக நடைபெறுகிறது. செய்கிறவர் அவரே, நாம் கருவிகள். அடுத்துவரும் வசனங்கள் அவருடைய நாமத்தில் கேட்பதையும், அவருடைய கற்பனைகளைக் கைக்கொள்வதையும் பேசுவது இதனாலேயே. அவர் நாமத்தில் கேட்பதாவது, அவர் கேட்கக்கூடியதைக் கேட்பது. இவ்வசனத்தை விளக்கிய அகுஸ்தீன், வானத்தையும் பூமியையும் படைப்பதினும் ஒரு பாவியை நீதிமானாக்குவதே பெரிய செயல் என்று கருதினார். அதுவும் இங்கே சிந்திக்கத்தக்கது.

கொல்லிமலையில் ஒரு சான்று

இவ்விளக்கம் வெறுங் கருத்தாக நின்றுவிடாதிருக்க, நம் கொங்கு நாட்டின் கிழக்கெல்லையில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் நிற்கும் கொல்லிமலையை நோக்குவோம். வல்வில் ஓரியின் மலை என்று சங்க இலக்கியம் அறிந்த மலை அது. இன்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்கிறது. 1913-ஆம் ஆண்டு ஜெசி பிராண்டு என்னும் மிஷனெரியும் அவருடைய மனைவி எவலினும் திருமணம் முடித்துக் குடியேறச் சென்றபோது அச்சாலை இல்லை. காய்ச்சல் மிகுந்த மலை அது.

ஜெசி கட்டடத் தொழில் அறிந்தவர். லண்டனில் ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றிருந்தார். அவர்கள் நோய்க்கு மருந்தளித்தனர், பள்ளி நடத்தினர், பயிர்த்தொழிலுக்கு உதவினர். அக்காலத்தில் நரம்புச் சிலந்தி நோய் மலைமக்களை வாட்டியது. குடிநீரில் புகும் கிருமி உடலுக்குள் நீண்ட புழுவாக வளர்ந்து, தோலைத் துளைத்து வெளிவரும். அப்புழுவை ஒரு குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி, அறுந்துவிடாமல் எடுக்க வேண்டும். ஜெசி அதைப் பொறுமையோடு செய்தார். அதனோடு நில்லாமல், மக்கள் இறங்கிக் கால் நனைக்கும் கிணறுகளே நோய்க்கு வழி என்பதை எடுத்துரைத்து, தூய நீரைப் பெறும் முறையையும் கற்பித்தார்.

பல ஆண்டுகள் சென்றும் ஆண்டவரை ஏற்றுக்கொள்ள முன்வந்தார் இல்லை. அவ்வூர்ப் பூசாரி அவர்களை எதிர்த்து வந்தார். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய நச்சுக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. பூசாரியும் நோயுற்றார். அவரைப் பேணியவர்கள் அவர் எதிர்த்த அவ்விருவரே. மரணத் தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன் பின்னரே மலைமக்களின் மனம் நெகிழத் தொடங்கிற்று. அந்நோயாளர் பிழைக்கவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். சுகமளித்தலால் திறவாத கதவு, மரித்துக்கொண்டிருந்தவரிடம் காட்டிய அன்பினால் திறந்தது.

1929-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெசி பிராண்டு கடுங்காய்ச்சலால் அம்மலையிலேயே காலமானார். அவருக்காக அவருடைய மனைவி ஜெபிக்காமல் இருந்திருப்பாரா? எவலினுடைய விசுவாசம் பற்றாமற்போயிற்று என்று எவரேனும் கூறத் துணிவரா? முதுமையைக் காரணங்காட்டி மிஷன் சங்கம் மலைப்பணிக்கு அவரை அனுப்ப மறுத்தபோது, சங்கத்தின் பணியிலிருந்து ஓய்வுபெற்றுக்கொண்டு, ஏறத்தாழ எழுபது வயதில் அவர் தாமாகவே மீண்டும் மலையேறினார். இடுப்பெலும்பு முறிந்தபின் இரு மூங்கில் கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரை மேலேறியும் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய மலைகளில் பணிசெய்து, 1974-ஆம் ஆண்டு தமது 95-ஆம் வயதில் மறைந்தார். மலையைப் பெயர்க்கும் விசுவாசத்தைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அம்மலைகள் இன்றும் தம் இடத்திலேயே நிற்கின்றன. அம்மையாரின் விசுவாசம் அவற்றின்மேல் ஏறிச் சென்றது.

பிறருடைய உழைப்பில் நுழைதல்

ஜெசியின் மகன் பால் பிராண்டு ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்றவர். தந்தையை மீண்டும் காணவில்லை. மருத்துவராகி 1946-ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்கல்லூரியும் பிறருடைய உழைப்பின் கனியே. 1900-ஆம் ஆண்டு மருத்துவராக இந்தியா திரும்பிய ஐடா ஸ்கடர், 1918-ஆம் ஆண்டு பெண்களுக்கென அங்கே மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். மற்றவர் பாடுபட, அப்பாட்டின் பலனில் நீங்கள் நுழைந்தீர்கள் என்று யோவான் 4-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது இத்தகைய நிலையையே.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த இயலுமா என்று பால் பிராண்டு ஆராய்ந்தார். நோயாளரின் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். வலியுணர்வு அற்றுப்போவதனால் அறியாமல் நேரும் காயங்களே பெரும்பாலும் கை கால்களை அழிக்கின்றன என்பதை அவரும் உடனுழைத்தோரும் கண்டனர். நலமாயிருந்த தசைநார்களை இடமாற்றிப் பொருத்தி, விரல்களை மீண்டும் இயங்கச் செய்தனர். ஆயினும் கை நிமிர்ந்தவர்கள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். ஊனமற்ற கைக்குப் பிச்சை விழவில்லை. தழும்புள்ள கைக்கு வேலையும் கிடைக்கவில்லை. எனவே அவர்களுக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்கும் இல்லம் ஒன்று தோன்றியது. ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கியதோடு நில்லாமல், ஆசாரியனிடம் காண்பிக்குமாறு அனுப்பினார். ஊரோடு அவனை மீண்டும் சேர்க்கும் செயல் அது. வேலூரில் அதே கிரியை அறுவை மருத்துவத்தின் வாயிலாகவும் உளியின் வாயிலாகவும் தொடர்ந்தது.

ஜெசி குச்சியில் சுற்றி எடுத்த நரம்புச் சிலந்தியின் முடிவையும் கூறுதல் வேண்டும். இந்தியாவில் அந்நோயின் கடைசி நோயாளர் 1996-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டார். 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை அந்நோயற்ற நாடென அறிவித்தது. அவ்வெற்றி ஜெசியுடையதன்று, கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதுமன்று. கிணறுகளைச் சீர்செய்த கொத்தனார், வீடுவீடாகச் சென்ற சுகாதாரப் பணியாளர், நீரை வடிகட்டிய தாய்மார் எனப் பல சமயத்தார் அதில் பங்குகொண்டனர். ஒருவர் ஒரு மலையில் தொடங்கியதைப் பிதா எத்தனை கைகளைக் கொண்டு முடித்தார்! பெரிய கிரியை என்பது ஒரு மனிதரின் பெயரோடு கட்டப்படுவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பலன் காணாத விசுவாசம்

எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை வாசிப்போர் அதன் பிற்பகுதியில் ஒரு திருப்பத்தைக் காண்பர். விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்குத் தப்பினர் என்கிறது 34-ஆம் வசனம். வேறு சிலர் பட்டயத்தால் வெட்டுண்டு மரித்தனர் என்கிறது 37-ஆம் வசனம். ஆசிரியர் இரு சாராரையும் ஒரே பட்டியலில் வைத்து, அனைவரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்று முடிக்கிறார். தப்பியவரின் விசுவாசம் மிகுதியென்றும் மடிந்தவரின் விசுவாசம் குறைவென்றும் அவர் கூறவில்லை. திருமறை செய்யாத கணக்கை நாம் செய்வது எவ்வாறு தகும்?

விசுவாசம் என்பது தேவனை நம் விருப்பத்துக்கு இணங்கச் செய்யும் ஆற்றலன்று. அவரைப் பற்றிக்கொள்ளும் கை அது. கை வலியதோ மெலியதோ, தாங்குகிறவர் அவரே. அன்பினால் கிரியை செய்கிற விசுவாசத்தையே பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் உயர்த்திப் பேசுகிறார். ஆகவே சபையார் மூன்றை மனத்திற் கொள்ளுதல் நலம். நோயுற்றோருக்காக ஜெபிப்பதை நாம் விடலாகாது. தேவன் சுகமளிக்க வல்லவர். மருந்தை விடச் சொல்லுதல் எவருக்கும் தகாது. மருத்துவரின் கையும் அவருடைய கருவியே. நம் சிங்காநல்லூரில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் தொழிலாளி, அங்கே நிற்பதனால் விசுவாசத்தை விட்டு விலகியவர் அல்லர். மூன்றாவதாக, சுகம் கிடையாதபோது நோயாளரையோ அவர் வீட்டாரையோ குற்றஞ்சாட்டுவது, துக்கத்தின்மேல் சுமத்தும் பாவமாகும்.

அச்சகோதரியாருக்கு நாம் கூறவேண்டிய விடை இதுவே. அம்மா, உங்கள் விசுவாசம் பற்றாமற்போகவில்லை. இறுதித் திங்களில் இரவுதோறும் மூச்சுத்திணறிய கணவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தடவி, விடியும்வரை கண்விழித்தீர்கள். அது அன்பினால் கிரியை செய்த விசுவாசம். இப்போது தெருக்கோடியில் அதே நோயால் படுத்திருக்கும் மற்றொரு தொழிலாளியின் வீட்டுக்கு நீங்கள் கஞ்சி கொண்டுசெல்வதையும், மருந்தை நிறுத்தவேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவருவதையும் நாம் அறிவோம். பிதாவினிடத்துக்குப் போனவர் இன்று சிங்காநல்லூரில் செய்துவரும் பெரிய கிரியைகளுள் அதுவும் ஒன்று.