மட்டக்குதிரையும் மழலைப் பருவமும்

1952-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு காரியங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை போலத் தோன்றினும், சிறு குழந்தைகளைக் குதிரையேற்றத்திற்குப் பழக்குவதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் மனத்தில் சேர்ந்தே எழுகின்றன. நகுலன் இயற்றியதாக வழங்கும் அசுவ சாஸ்திரம், தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துச் சுவடிகளிலிருந்து வெளிப்பட்டுப் படங்களுடன் அச்சேறியது ஒன்று; இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்து, பிறர் கைத்தாங்கலின்றிக் குதிரைமேல் ஏறவும் இறங்கவும் இயலாதிருந்த லிஸ் ஹார்டெல் என்னும் டென்மார்க் தேசத்து மாது, ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் டிரெஸ்ஸாஜ் என்னும் குதிரை நடைப் போட்டியில் ஆண்களோடு சரிநிகராக நின்று வெள்ளிப் பதக்கம் வென்றது மற்றொன்று.

குதிரையேற்றத்தை ஒரு சிகிச்சையாகவே கொள்ளலாம் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் பரவுவதற்கு அவரது வெற்றி பெரிதும் துணைசெய்தது. காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. நடக்கும் குதிரையின் முதுகு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாகவும் சீராக அசைகிறது. அவ்வசைவு, நடந்து செல்லும் மனிதனுடைய இடுப்பின் அசைவை ஏறக்குறைய ஒத்திருப்பதால், மேலே அமர்ந்த பிள்ளையின் இடுப்பும் முதுகும் வயிற்றுத் தசைகளும் எவரும் ஏவாமலே அடிக்கு அடி சமநிலையைத் தேடி உழைக்கின்றன. கூனி உட்காரும் வழக்கமுள்ள பிள்ளைக்கு இது நல்ல சரீர அப்பியாசம்.

நம் காவிரிக் கரைக்குக் குதிரை புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம் ரயிலடிகளில் ஜட்கா வண்டிகள் நின்ற காலம் நம் பாட்டன்மார் கண்டது. இன்றோ நம் பக்கத்துப் பிள்ளைக்குக் குதிரை என்பது, அய்யனார் கோயிலின் மண் குதிரை, திருவிழாவில் ஆடும் பொய்க்கால் குதிரை, அல்லது காணும் பொங்கலன்று திருக்கடையூர்ச் சாலையில் கண்ணிமைக்கும் நேரத்தில் பறந்து மறையும் ரேக்ளாக் குதிரை. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு சுற்று ஏற்றிப் படம் பிடித்துக்கொண்டால் பெற்றோரின் ஆசை தீர்ந்துவிடுகிறது. அதைக் குதிரையேற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

பாடம் சேணத்தில் அல்ல, லாயத்தில் தொடங்குகிறது. ஐந்தாறு வயதுப் பிள்ளை, ஊறவைத்த கொள்ளை உள்ளங்கையில் பரப்பி, விரல்களை மடக்காமல் நீட்டுகிறது. மட்டக்குதிரை தன் மீசை மயிர் கையில் கூச, வெதுவெதுப்பான மூச்சை விட்டபடி, உதடுகளாலேயே தானியத்தை ஒற்றியெடுக்கிறது. முதல் நாள் வெடுக்கென்று இழுத்துக்கொண்ட கை, நாலாம் நாள் அசையாது நிற்கும். பின்னாலிருந்து அணுகலாகாது என்பதும் அங்கேதான் புரிகிறது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ நாற்புறமும் பார்க்கவல்ல அப்பிராணிக்கு, தனக்கு நேர் பின்னே நிற்பது தெரியாது. தெரியாததற்கு மிரளுவது அதன் சுபாவம். பிள்ளை கூச்சலிட்டால் குதிரையின் காதுகள் பின்னுக்கு மடிகின்றன. அதைக் கண்ட பிள்ளை தானாகவே குரலைத் தாழ்த்துகிறது. குதிரையேற்றத்தின் பிரயோஜனங்களுள் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

தோளுயரம் 14 கை 2 அங்குலத்திற்கு மேற்படாததை மட்டக்குதிரை என்பர். ஒரு கை என்பது 4 அங்குலம். சிறு பிள்ளைக்கு 11, 12 கை உயரமே போதும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்த பாரம் குதிரையின் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மிகலாகாது. தலைக்கவசமும், பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காதபடி சிறு குதி வைத்த காலணியும், ரணஜன்னித் தடுப்பூசியும் அவசியம். முதல் சில மாதங்கள் பழகிய ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்தவேண்டும்.

இடத்தைத் தேர்வதிலும் சிரத்தை வேண்டும். சம்பா அறுவடைக்குப்பின் நம் களிமண் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அங்கே குதிரை இடறினால் அதன் காலுக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வறண்ட ஆற்றின் நடு மணலோ, கால் புதைந்து தசைநார்களை வருத்தும். மணல் கலந்து இறுகிய படுகைத் திடலே உத்தமம்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்: பிள்ளையை ஏற்றுமுன் சேணத்தை ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், அடியில் புண் இருக்குமாயின், பிள்ளை எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள்.