மேஜை டிராயரில் கிடந்த கடிதம்

ஒரு பெரிய வீடு. வாசலில் கல் தூண். தூணின் நிழலில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குதிரையில் ஏறி வெளியே புறப்பட்ட வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். யார் பெற்ற பிள்ளை? யார் விட்டுப் போனார்கள்? ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை இல்லாத அந்த வீட்டு அம்மாள், கடவுள் கொடுத்த வரம் என்று அதை எடுத்து வளர்த்தாள். குழந்தையின் பெயர் தெசிரே.

அமெரிக்காவில் உள்ள லூசியானா மாநிலத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதை இது. எழுதியவர் கேட் ஷோபின் என்ற அம்மையார். 1893-ம் ஆண்டு "வோக்" என்ற பத்திரிகையில் வெளிவந்தது. சின்னக் கதைதான். ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் படித்தவர்கள் அதன் முடிவை மறப்பது இல்லை.

கண்டதும் காதல்

தெசிரே வளர்ந்தாள். பேரழகி ஆனாள். 18 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள், அதே கல் தூணில் சாய்ந்து நின்றாள். பக்கத்துப் பருத்தித் தோட்டத்து முதலாளி அர்மான் அந்த வழியாகக் குதிரையில் வந்தான். அவளைப் பார்த்தான். காதல் கொண்டான்.

"இவள் யார் பெற்ற பெண் என்று எங்களுக்கே தெரியாதே!" என்று வளர்த்த தந்தை எச்சரித்தார். அர்மான் கேட்கவில்லை. பேரும் குலமும் யாருக்கு வேண்டும் என்று இருந்தான். பாரீஸ் நகரில் இருந்து சீர்ப்பொருள்கள் வரவழைத்தான். கல்யாணம் நடந்தது. ஆண் குழந்தை பிறந்தது.

அர்மான் கொடுமைக்காரன். தோட்டத்து அடிமைகள் அவனைக் கண்டால் நடுங்குவார்கள். மகன் பிறந்ததும் அவனும் மாறினான். அடிமைகள் யாரையும் தண்டிக்காமல் இருந்தான்.

குழந்தையின் நிறம்

குழந்தைக்கு மூன்று மாதம் ஆயிற்று. வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கணவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று தெசிரேக்குப் புரியவில்லை.

ஒருநாள் குழந்தை கட்டிலில் தூங்கியது. கலப்பு இனத்து அடிமைப் பையன் ஒருவன் மயில் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தான். அவள் பையனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மறுபடி பையனைப் பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

கணவனிடம் ஓடினாள். குழந்தை வெள்ளை இனம் இல்லை, ஆகவே தாயும் வெள்ளை இனம் இல்லை என்று அவன் சொல்லிவிட்டான். தன் கை அவன் கையை விட வெளுப்பு என்று காட்டி அவள் அழுதாள். பயன் இல்லை. பேரும் குலமும் வேண்டாம் என்றவன், போகச் சொல்லிவிட்டான்.

குழந்தையோடு வந்துவிடும்படி வளர்த்த தாய் எழுதி இருந்தாள். தெசிரே அங்கும் போகவில்லை. சாலையை விட்டு விலகி, வயல் வழியே நடந்தாள். ஓடைக்கரை நாணல் புதருக்குள் மறைந்தாள். திரும்பி வரவே இல்லை.

சில வாரங்கள் சென்றன. அவளுடைய துணிகளையும் தொட்டிலையும் அர்மான் தீயில் போடச் செய்தான். கடைசியில், அவள் எழுதிய காதல் கடிதங்களை எடுக்க மேஜை டிராயரைத் திறந்தான். அடியில் வேறொரு பழைய கடிதம் கிடந்தது. அவனுடைய தாய் அவன் தந்தைக்கு எழுதியது. கறுப்பு இனத்து ரத்தம் தன்னுடையது, அது மகனுக்கு ஒருபோதும் தெரியாது என்று அதில் அவள் கடவுளுக்கு நன்றி சொல்லி இருந்தாள்!

முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடுமா? இந்தக் கதையில் போகாது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் திகில் அதிகம். அர்மானின் தாய் பிரான்சை விட்டு வரவே இல்லை என்று ஆசிரியை ஆரம்பத்திலேயே சொல்கிறார். சொந்த நாட்டின் மேல் ஆசை என்று நினைத்துப் படித்துப் போகிறோம். அர்மானின் முகம் கறுத்த முகம் என்றும் சொல்கிறார். அதையும் கவனிப்பது இல்லை. தெசிரேயைப் பெற்றவர்கள் யார் என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

அந்த ஊர் அப்படி

இது வெறும் கற்பனையா? இல்லை. லூசியானா ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் குடியேற்ற நாடு. 1803-ல் அமெரிக்கா அதை விலைக்கு வாங்கியது. குடியேறியவர்களுக்கு அந்த மண்ணிலேயே பிறந்த சந்ததியார் "கிரியோல்" எனப்பட்டனர். வெள்ளைக் கிரியோல் உண்டு. கலப்பு இனத்துக் கிரியோலும் உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் மணக்கக் கூடாது என்று 1724-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் தடுத்தது. பிள்ளைகள் பிறப்பதை அதனால் தடுக்க முடியவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு ரகசியம்!

அங்கே கேன் ஆற்றங்கரையில் மரி தெரேஸ் குவான்குவான் என்ற அடிமைப் பெண் இருந்தாள். மெத்துவாயே என்ற பிரெஞ்சு வியாபாரியுடன் வாழ்ந்து 10 பிள்ளைகள் பெற்றாள். 1778-ல் அவன் அவளுக்கு விடுதலை கொடுத்தான். ஆனால் ஊர் அறிய மணந்துகொண்டது வேறொரு பெண்ணை. குவான்குவான் நிலத்தில் பாடுபட்டு, அடிமையாக இருந்த தன் பிள்ளைகளை மீட்டாள். அவள் வம்சம் அந்தக் கரையில் பெரிய குடும்பமாகத் தழைத்தது.

கேட் ஷோபின் வாழ்ந்த கிராமமும் இந்த வட்டாரம்தான். 1879-ல் கணவரோடு அங்கே போனார். மூன்றே ஆண்டுகளில் கணவர் மலேரியாவில் இறந்தார். ஆறு குழந்தைகள், தலை மேல் கடன். கணவரின் கடையைத் தாமே சில காலம் நடத்தினார். நாலு பேர் வந்து போகும் கடை. ஊர்க் கதைகள் காதில் விழாமலா இருந்திருக்கும்?

பாஸ்போர்ட் கேட்ட பெண்மணி

கதை வெளிவந்து 84 ஆண்டுகள் ஆயின. 1977-ல் லூசியானாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி பாஸ்போர்ட் வாங்கப் போனார். பிறந்தது முதல் வெள்ளைக்காரியாகவே வாழ்ந்தவர். கணவரும் வெள்ளைக்காரர். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் கறுப்பு இனம் என்று எழுதி இருந்தது. திடுக்கிட்டுப் போனார்.

கறுப்பு ரத்தம் 32-ல் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கறுப்பர் என்பது அங்கே 1970-ல் போட்ட சட்டம். அவர் வழக்குப் போட்டார். அரசாங்கம் அவருடைய வம்சாவளியைத் தோண்டியது. 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அடிமைப் பெண்ணைக் கண்டுபிடித்து, கோர்ட்டில் காட்டியது. வழக்கு நடக்கும்போதே, 1983-ல், அந்தச் சட்டம் ரத்தாயிற்று. ஆனாலும் வழக்கில் அவர் தோற்றார். 1986-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலை ஏற்க மறுத்தது. சான்றிதழில் இருந்த சொல் அப்படியே இருந்தது.