மூன்று முடிச்சும் கால் நொடியும்

'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று பெரியவர் ஒருவர் கையை உயர்த்துவார். மறுகணம் தவிலும் நாகஸ்வரமும் ஓங்கி ஒலிக்கும். மண்டபமே எழுந்து அட்சதை தூவும். மணப்பெண் தலை குனிந்திருப்பாள், மாப்பிள்ளையின் கைகள் அவள் பிடரியில் இருக்கும், மீதி முடிச்சைப் போட நாத்தனார் பின்னால் காத்திருப்பார். எல்லாம் சில நொடிகள்தான். ஆல்பத்தில் வேறு எந்தப் படம் விட்டுப்போனாலும் சமாதானம் சொல்லிவிடலாம். இந்தப் படம் இல்லையென்றால் போட்டோகிராபர் மீதிப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

இத்தனைக்கும், ஒரு கணத்தைப் பார்த்த பிறகு அதே கணத்தைப் படம் எடுக்க யாராலும் முடியாது. கண்ணில் விழும் ஒளி விழித்திரையில் அடுத்தடுத்துப் பல வேதிமாற்றங்களைக் கடந்துதான் நரம்புத் துடிப்பாகிறது. அது மூளைக்குப் போய், அங்கிருந்து கட்டளை விரலுக்கு வந்து பொத்தான் அழுந்துவதற்குள் ஏறத்தாழ கால் நொடி ஓடிவிடும். காது கொஞ்சம் வேகம். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒலியில் அசைந்த உடனே அவற்றின் வாயில்கள் திறந்துகொள்கின்றன, வேதிமாற்றத்துக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே மேளத்துக்குக் காது கொடுத்து நிற்பவருக்குச் சிறு லாபம் உண்டு. பெரிய லாபம், அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான். அவருடைய விரல் எதையும் பார்த்துவிட்டு அசைய வேண்டியதில்லை. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில கணங்களையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும் கேமராக்கள் இப்போது வந்துவிட்டன. ஆனால் குறுக்கே நிற்கும் சித்தப்பாவை அவை நகர்த்தாது.

அட்சதையைப் பாருங்கள். வீசிய அரிசி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 60-இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் அதற்குள் அரிசி 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் மணமக்கள் முகத்துக்கு முன் மஞ்சள் கோடுகள்தான் விழும். 1000-இல் ஒரு பங்கு என்றால் நகர்வு 5 மில்லிமீட்டர்; அரிசி ஓரளவு அரிசியாகவே தெரியும். ஓமப்புகை வேறு விதமான தொல்லை. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். புகை 1 மீட்டரிலும் மணமக்கள் 2 மீட்டரிலும் இருந்தால், கேமராவின் தலையில் உள்ள ஃபிளாஷ் மணமக்களுக்குத் தருவதைப்போல நான்கு மடங்கு ஒளியைப் புகைக்குத் தருகிறது. முகங்கள் வெண்திரைக்குப் பின்னால் போய்விடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் தீர்ந்தது. ஆனால் அதற்கான இடத்தை ஓமம் வளர்ப்பதற்கு முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அருந்ததி பார்க்கும் படத்துக்கு வானத்தைத் தேட வேண்டாம். காலை முகூர்த்தத்தில் அந்த விண்மீன் தெரியப்போவதில்லை. சுட்டும் விரலும் அதைத் தொடரும் கண்களும்தான் அங்கே படம்.

கண் என்றதும் குரூப் போட்டோ நினைவுக்கு வருகிறது. எத்தனை முறை எடுத்தாலும் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும். கண் இமைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை முறை வருகிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வைத்து ஓர் எளிய விதியைத் தந்தார்கள். 20 பேருக்குக் குறைவான கூட்டம் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை 3-ஆல் வகுத்து அத்தனை படம் எடுங்கள். வெளிச்சம் மோசமானால் 2-ஆல் வகுங்கள். 12 பேருக்கு வெளியே 4 படம், மங்கிய மண்டபத்தில் 6. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல், 2006-இல் கணிதப் பிரிவில் இவர்களுக்குக் கிடைத்தது. 50 பேர் சேர்ந்து நின்றால் எல்லாக் கண்ணும் திறந்த படத்துக்கு ஏறக்குறைய வழியே இல்லை என்பதும் இவர்கள் கணக்கே. நம் கல்யாணங்களில் ஒரு பக்கத்துப் பங்காளிகள் மட்டுமே அத்தனை பேர் தேறுவார்கள். பெரிய படம் ஒன்று வழக்கத்துக்காக இருக்கட்டும்; உருப்படியான படம் வேண்டுமானால் குடும்பம் குடும்பமாகப் பிரித்து நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

முகூர்த்த நேரத்தை மட்டும் போட்டோகிராபருக்குச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். சடங்கு வரிசை ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். உங்கள் வீட்டு வரிசையைப் புரோகிதரிடமோ பெரியவர்களிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மேடை ஏற முடியாத பாட்டி எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார், சாப்பிட்டதும் பஸ்ஸுக்குக் கிளம்பும் மாமா யார் என்பதையும் குறியுங்கள். இரு வீட்டுச் சொந்தங்களையும் அடையாளம் தெரிந்த ஒருவரை அந்தத் தாளோடு போட்டோகிராபர் பக்கத்தில் நிறுத்துங்கள். இதையெல்லாம் முதல் நாள் மாலையே செய்துவிடுங்கள்.