ஹீட்டட் கிரிப் பழுதானால்: கழற்றுமுன் கவனிக்க வேண்டியவை

மோட்டார் சைக்கிளின் கைப்பிடிக்குள் மெல்லிய மின்தடைக் கம்பியைப் பதித்து, பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தில் சூடாக்குவதே ஹீட்டட் கிரிப். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் வட்டாரத்தில், மார்கழிப் பனியில் விடியற்கால ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இது ஆடம்பரப் பொருள் அல்ல. மரத்துப்போன விரல் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆனால் பில் கேட்காமல் வாங்குவதும், பழுதானதும் கையில் கிடைத்த வயரில் முறுக்கி ஒட்டுவதும், பழைய கிரிப்பைக் குப்பையில் எறிவதும் இங்கே வழக்கமாகிவிட்டன.

கிரிப் சூடேறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ், பிறகு கனெக்டர். இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் கோளாறு வலப்பக்கத்தில் இருக்கும். ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் அந்தப் பக்கத்து வயரும் சேர்ந்து மடங்குவதால், கிரிப்பை ஒட்டிய இடத்தில் உள்ளே அறுந்துபோகிறது. மல்டிமீட்டரில் ஓம் அளவை வைத்துப் பார்த்தால் இரண்டு கிரிப்பும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் எந்த அளவும் காட்டாவிட்டால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது. இரண்டையும் தொடர் இணைப்பில் கொடுத்திருந்தால் ஒன்று அறுந்தாலே இரண்டும் குளிர்ந்துவிடும். அதற்காக இரண்டையும் மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் மீட்டர் அளவைக் காட்டச் சொல்ல வேண்டும்.

36 வாட் கிரிப் ஜோடி ஒன்று சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். 2017 ஏப்ரல் முதல் வந்த இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும். இந்நிலையில் கிரிப் வயரை ஹெட்லைட் வயரிலேயே இணைப்பது பெரும் ஆபத்து. ஒரு ஷார்ட் ஆனால் பொது ஃபியூஸ் போய் விளக்கும் அணையும். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலை சானமாவு காப்புக்காட்டை ஒட்டிப் போகிறது. பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இந்தக் காட்டுக்கு வருவதும் இதே பனிக்காலத்தில்தான். அங்கே இருட்டில் விளக்கு அணைந்த வண்டியோடு நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. கிரிப்புக்குத் தனி ஃபியூஸ், சாவி போட்டால் மட்டும் இயங்கும் ரிலே, பாட்டரியிலிருந்து தனி வயர் ஆகிய மூன்றும் இல்லாமல் வண்டியை எடுத்து வரக்கூடாது.

இன்னொரு ஆபத்து உயிரையே வாங்கக்கூடியது. புது கிரிப் சுவிட்ச் பெட்டியில் உரசினாலோ, வயர் இழுத்துப் பிடித்தாலோ, ஆக்சிலேட்டர் விட்டதும் திரும்பாது. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டுப் பார்க்க வேண்டும். தானாகச் சட்டென்று மூடியாக வேண்டும். மெக்கானிக் “ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்” என்று சொன்னால், சாவியை வாங்காமல் மறுபடி கழற்றச் சொல்ல வேண்டும். ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பாத வண்டியை ஓட்டவே கூடாது.

இனி உரிமை. கர்நாடக எல்லையில் இருப்பவர்கள் பெங்களூரு ஜே.சி. சாலைக்குப் போய் உதிரிபாகம் வாங்கி வருகிறார்கள். பழுதானால் கர்நாடகத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது தவறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். சானமாவு ஊர்க்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால் போதும். பில் தர மறுப்பதும், பில்லில் வேறு கெடு குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். “சைனா ஐட்டம், கேரண்டி இல்லை” என்பது பதிலாகாது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருள் தீப்பிடித்து வண்டியோ கையோ வெந்தால், விற்றவரே பொறுப்பாளி.

செய்ய வேண்டிய வேலை இதுதான். பழுதான கிரிப்பை எறியாமல் உறையில் போட்டு வைக்க வேண்டும்; தேவைப்பட்டால் ஆணையம் அதைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பும். பில், வாரண்டி அட்டை, இறக்குமதியாளர் பெயருள்ள அட்டைப்பெட்டி, மெக்கானிக் எழுதிக் கையெழுத்திட்ட மீட்டர் அளவு, படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, விற்றவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதன்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே புகார் எண் வாங்கியதோடு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். அது சமரச ஏற்பாடு மட்டுமே. தீர்ப்புக் கிடைக்காது, ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான இரண்டு ஆண்டுக் காலக்கெடுவும் அதனால் நிற்காது. ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகார் மனு, பிரமாணப் பத்திரம், ஆவண நகல்களை நேரிலோ இ-ஜாக்ரிதி தளத்திலோ தரலாம். மறுபடியும்: பழைய கிரிப்பை எறியக்கூடாது.

இறக்குமதியாளர் பெயரும் விலையும் அச்சிடாத பெட்டி விற்பனைக்கு வந்தால், கிருஷ்ணகிரியில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை பார்க்கும் அந்தத் துறை, உதிரிபாகக் கடைகளின் பெட்டிகளையும் யாரும் கேட்காமலே புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஹீட்டட் கிரிப் போல, வண்டி வாங்கிய பிறகு பொருத்திய மின்சாதனத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் எழுதி வாங்க வேண்டும். கோரிக்கையை நிறுவனம் நிராகரித்தால் முதலில் அதனிடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனு கொடுக்கலாம்.