ஆங்கிலப் பாடநூலை மதிப்பிடும் முறை

ஆங்கிலப் பாடநூல் ஒன்றை மதிப்பிடுமாறு ஆசிரியரிடம் கொடுத்தால், அவர் கண் முதலிற் படங்களைப் பார்க்கும். அடுத்து அச்சையும் தாளையும் பார்க்கும். பின்னரே பாடத் தலைப்புகளுக்குச் செல்லும். இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் அயல்மொழிப் பாடநூலின் உயிர்நிலை இவற்றில் இல்லை. எத்தனை சொற்களை, எந்த வேகத்தில், எத்தனை முறை அந்நூல் குழந்தையின் முன் வைக்கிறது என்பதே முதற்கண் ஆராயத்தக்கது. இதனைத் தெளிவுறக் காட்டியவருள் ஒருவர் மைக்கேல் வெஸ்ட் (1888–1973).

டாக்காவிற் கண்ட குறை

வெஸ்ட் இந்தியக் கல்விப் பணியிற் சேர்ந்து வங்காளத்தில் உழைத்த ஆங்கிலேயர். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகள் பல ஆண்டு ஆங்கிலம் பயின்றும், எளிய நூலொன்றைத் தாமே படித்தறிய இயலாது நிற்பதை அவர் கண்டார். அவர்களுட் பெரும்பாலோர் படிப்பை முடிக்கும் முன்பே பள்ளியை விட்டு நின்றனர்.

1926இல் வெளிவந்த தமது இருமொழிக் கல்வி ஆய்வறிக்கையில், ‘சரண்டர் வேல்யூ’ என்னும் காப்புறுதிச் சொல்லை வெஸ்ட் கல்விக்குப் பொருத்திக் காட்டினார். காப்புறுதியை இடையிற் கைவிடுபவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையே அது. அவ்வாறே, படிப்பை இடையில் நிறுத்தும் பிள்ளை அதுவரை பெற்றதில் எவ்வளவு பயனோடு வீடு திரும்புகிறது என்று அவர் வினவினார். கடைசி வகுப்பை எட்டியவனுக்கு மட்டுமே பயன்தரும் பாடமுறை, இடையில் நின்றவனை வெறுங்கையோடு அனுப்புவதாகும்.

அக்கால வாசக நூல்களில் அவர் கண்ட குறைகள் இரண்டு. ஒன்று, அருகிய சொற்கள் மிகுந்திருந்தமை. தீவைக் குறிக்க ‘ஐலண்ட்’ என்னும் வழக்குச்சொல் இருக்க, ‘ஐல்’ என்னும் செய்யுட்சொல்லைத் தொடக்க மாணவனுக்குப் புகட்டுவதால் விளையும் நன்மை யாது? மற்றொன்று, புதுச்சொற்கள் பக்கந்தோறும் நெருங்கிக் கிடந்தமை. ஆகவே, வழக்கில் மிகுந்த சொற்களைத் தேர்ந்து, அவற்றை இடைவெளியிட்டுப் பரப்பி, ‘நியூ மெத்தட்’ வாசக நூல்களை அவர் எழுதினார்.

சிறு சொற்றொகையால் பெரும்பயன் விளையும் என்பதற்கு அவரும் எண்டிகாட்டும் 1935இல் வெளியிட்ட அகராதியே சான்று. ஏறத்தாழ 24,000 சொற்களும் சொற்றொடர்களும் அதில் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கப்பட்டன. 1953இல் வெஸ்ட் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் அடங்கின.

ஆசிரியர் செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது, நெருக்கம். நூலின் நடுவிலிருந்து நூறு சொல் கொண்ட பகுதியை எடுத்து, வகுப்பு அதுவரை அறியாத சொற்களை எண்ணுக. ஒரு பகுதியைத் துணையின்றிப் படித்துணர, அதன் சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டேனும் தெரிந்திருத்தல் நலம் என்பது ஹூ, நேஷன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வால் தெரியவந்தது. ஆசிரியர் உடனிருந்து நடத்தும் பாடத்தில் இவ்வளவு சிறிது கூடலாம். பத்து, பதினைந்தாயின் அது வாசிப்பன்று. அகராதி புரட்டும் வேலையே.

இரண்டாவது, மறுவரவு. மூன்றாம் பாடத்தின் புதுச்சொற்களிற் பத்தைக் குறித்துக்கொண்டு, பின்வரும் பாடங்களில் அவை மீண்டும் வருகின்றனவா எனத் தேடுக. ஒருமுறை தோன்றி மறைந்த சொல் குழந்தைக்குச் சொந்தமாகாது.

மூன்றாவது, பயிற்சி வினா. ‘டுமிலன் கசிறை நொழித்தான்’ என்னும் பொருளற்ற வாக்கியத்தைக் காட்டி, ‘கசிறை நொழித்தவன் யார்?’ என்று கேட்டால், ‘டுமிலன்’ என்று எந்தக் குழந்தையும் விடை எழுதிவிடும். பொருள் அறியாமலே விடையளிக்கக்கூடிய வினாக்கள் நூலில் மலிந்திருப்பின், முழு மதிப்பெண்ணும் அறியாமையும் ஒரே தாளில் சேர்ந்திருக்கும்.

நான்காவது, இடையில் நிற்பவன் பெறும் பயன். நூலைப் பாதியில் மூடுக. அதுவரை கற்ற சொற்களைக் கொண்டு ஒரு சிறு கதையையோ, கடைப் பலகையையோ, கடிதத்தையோ குழந்தை படிக்குமா? படிக்குமாயின் நூல் நன்று.

வரம்பும் பொருத்தமும்

வெஸ்டின் முறைக்கும் வரம்பு உண்டு. அவர் வாசிப்பையே முதன்மையாகக் கொண்டார், பேச்சு பின்தங்கியது. 1953ஆம் ஆண்டுப் பட்டியலில் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் இடமில்லை. எனவே அவரது பட்டியலைக் காட்டிலும் அவர் எழுப்பிய வினாவே இன்று பெரிதும் பயன்படும்.

2018இல் மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் ‘சூப்பர் மைண்ட்ஸ்’ என்னும் கேம்பிரிட்ஜ் வெளியீடு பாடநூலாக வந்தபோது, அதன் அயல்நாட்டுச் சூழல் இந்நாட்டுக் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்னும் வினா எழுந்தது. நியாயமான வினாவே. ஆனால் ஊர்ச் சந்தையையும் ரப்பர் மரத்தையும் படமாக வரைந்துவிட்டு, பக்கத்துக்கு இருபது புதுச்சொற்களைத் திணிக்கும் உள்நாட்டு நூலும் அக்குழந்தைக்கு அயல் நூலேயாகும்.

பள்ளியை விட்டு நிற்பவன் மட்டுமே இடையில் நின்றவன் அல்லன். நாள்தோறும் தவறாது வந்து, கடைசி வாங்கில் அமர்ந்து, பத்தாம் பக்கத்திலேயே பாடத்தைக் கைவிட்டவனும் இடையில் நின்றவனே. வருகைப் பதிவேட்டில் அவன் குறை தெரியாது. பாடநூலை மதிப்பிடும் ஆசிரியர் அவனை மனத்திற்கொண்டு பக்கங்களைப் புரட்டுவாராயின், நூலின் உண்மை எடை தானே புலப்படும்.