வழுக்கவும் வேண்டும், வீடு திரும்பவும் வேண்டும்

தவளக்குப்பத்திலிருந்து ஓர் இளம் வாசகர் எழுதியிருக்கிறார். பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். தினமும் அதில்தான் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறார். விடுமுறை கிடைத்தால் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய் டிரிஃப்ட் பழக ஆசை. ‘இரண்டுக்கும் ஒத்துவரும் சஸ்பென்ஷன் எது? எட்டு கிலோ ஸ்பிரிங் போட்டால் வண்டி ஆடவே ஆடாது என்கிறார்கள். போடலாமா?’ என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. வண்டியும் தோதானதுதான். நம் சாலைகளில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. பின்சக்கரங்களை எஞ்சின் பலத்தால் வழுக்கவிட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து வளைவு முழுவதும் வண்டியை அந்த வழுக்கலிலேயே வைத்திருக்கும் டிரிஃப்டுக்கு அவை உதவா. ஒரு காலத்தில் அம்பாசடரும் ஃபியட்டும் பின்சக்கர வண்டிகளாக நம்மிடம் இருந்தன; சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயமும் ஓடின. அவை போனபின் நடுத்தர வருமானக்காரருக்கு எட்டும் பின்சக்கர கார் என்றால் பெரும்பாலும் இப்படிப் பழையதாக விற்பனைக்கு வரும் ஜெர்மன் கார்தான். செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் பிஎம்டபிள்யூ ஆலை திறந்தபோது அங்கே முதலில் பூட்டப்பட்டதும் இதே 3 சீரிஸ்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஸ்பிரிங்கின் வேலை என்ன, ஷாக் அப்சார்பரின் வேலை என்ன என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சல் இருந்தது. ஒரு முறை தள்ளிவிட்டால் தானே பல முறை போய்வரும். காலைத் தரையில் தேய்த்தால்தான் நிற்கும். பள்ளத்தில் இறங்கிய காரும் ஸ்பிரிங்கின் மேல் அப்படித்தான் ஆடும். தரையில் தேய்க்கும் அந்தக் காலின் வேலையைச் செய்வது ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் ஒன்று எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்குகிறது; ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகி வெளியேறிவிடுகிறது. வண்டியின் எடையைத் தாங்குவது அதன் வேலை அன்று.

ஒரு கார் தன் ஸ்பிரிங்கின் மேல் விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது அதன் குணத்தைச் சொல்லும் எண். சொகுசான காரில் இது ஒன்றுக்குச் சற்று மேல். விளையாட்டு ரகக் கார்களில் ஒன்றரை முதல் இரண்டு. இறக்கை பொருத்தாத பந்தயக் கார்களில் இரண்டையும் தாண்டும். நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்த எண் இரட்டிப்பாக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கின் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். ஸ்பிரிங்கை முப்பது சதவீதம் விறைப்பாக்கினால் 1.4 என்பது 1.6 ஆகும், இந்த மாற்றத்தை முதுகு பொறுத்துக்கொள்ளும். நான்கு மடங்கை முதுகும் பொறுக்காது, நம் சாலையும் பொறுக்காது.

‘எட்டு கிலோ’ என்ற எண்ணுக்கும் தனியே பொருள் இல்லை. ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எட்டு கிலோ எடை வேண்டும் என்பதே அதன் கணக்கு. ஆனால் அந்த ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரம் நகரும் தூரத்தில் பாதிதான் ஸ்பிரிங் அமுங்குகிறது என்றால், சக்கரத்துக்குத் தெரியும் விறைப்பு நான்கில் ஒரு பங்குதான். இந்த 3 சீரிஸில் முன்ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே நிற்கிறது. பின்ஸ்பிரிங் தனியாக, சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் மேல் உள்ளே தள்ளி நிற்கிறது. ஆகவே முன்னும் பின்னும் ஒரே எண்ணை வாங்கிப் போட்டால் வண்டியின் சமநிலை கெட்டுவிடும். வேறொரு காருக்கு நன்றாக அமைந்த எண்ணை இதற்குக் கடன் வாங்குவதும் அதே தவறுதான்.

இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த புதிருக்கு இப்போது வருகிறேன். விறைப்பாக்கினால் பிடி கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. எந்த முனையை விறைப்பாக்குகிறோமோ, அந்த முனைதான் வளைவில் பிடியை இழக்கும்.

காரணம் ரப்பரின் குணம். டயரின் மேல் எடை கூடக்கூடப் பிடியும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. புரிவதற்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பின்பக்கம் இரண்டு டயர்கள், ஒவ்வொன்றின் மேலும் 400 கிலோ. ஒவ்வொன்றும் பக்கவாட்டில் 400 கிலோ அளவுக்குப் பிடிக்கிறது, மொத்தம் 800. வளைவில் 200 கிலோ உள்டயரிலிருந்து வெளிடயருக்கு மாறுகிறது. இப்போது வெளிடயர்மேல் 600, உள்டயர்மேல் 200. வெளிடயர் 600 பிடிப்பதில்லை, 550தான் பிடிக்கிறது. உள்டயர் 210 பிடிக்கிறது. கூட்டினால் 760. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. பிடி மட்டும் 40 குறைந்துவிட்டது. எடை எவ்வளவு அதிகமாகப் பக்கம் மாறுகிறதோ, அந்த இணை டயர்கள் அவ்வளவு நஷ்டப்படும்.

வளைவில் மொத்தம் எவ்வளவு எடை பக்கம் மாறும் என்பதைத் தீர்மானிப்பவை வண்டியின் எடைமையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம், வளையும் வேகம் ஆகியவை. ஸ்பிரிங் அல்ல. வண்டி சாயாமல் நின்றாலும் எடை மாறிக்கொண்டுதான் இருக்கும். அந்த எடைமாற்றத்தில் முன்சக்கரங்களின் பங்கு எவ்வளவு, பின்சக்கரங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்கொடுப்பதுதான் ஸ்பிரிங்குக்கும், இடவல ஆர்ம்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கும் உரிய வேலை. விறைப்பான முனை அதிகப் பங்கை ஏற்று அதிக நஷ்டம் அடைகிறது. முன்பக்கம் விறைப்பென்றால் வண்டி வளையாமல் நேரே தள்ளும். பின்பக்கம் விறைப்பென்றால் வால் வெளியே போகும்.

கார் நிறுவனங்கள் சாமானிய ஓட்டுநரின் பாதுகாப்பைக் கருதி, முன்பக்கம் முதலில் வழுக்கும்படியே வண்டியை அமைக்கின்றன. டிரிஃப்ட் பழகுகிறவர் இந்தச் சமநிலையைச் சற்றுப் பின்பக்கம் நகர்த்தினால் போதும். அதற்கு எட்டு கிலோ ஸ்பிரிங் தேவையில்லை. விறைப்பை மாற்றிவைக்கக்கூடிய ஒரு பின் ஸ்டெபிலைசர் பாரே பாதி வேலையைச் செய்துவிடும். திடலில் ஒரு துளை விறைப்பாக மாட்டலாம். திரும்பும்முன் பழைய துளைக்கே மாற்றிவிடலாம். மழைக்காலத்தில், தினமும் வேலைக்குப் போகும் கடலூர் சாலையில் வால் வெளியே போகும் வண்டியோடு யாரும் வரக் கூடாது.

மென்மையான வண்டிக்குப் பிடி இருக்காது என்பதும் வீண் பயம்தான். 1948இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோயன் 2சிவி, உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்ற நிபந்தனையோடு உருவாக்கப்பட்டது. வளைவில் படுக்கிறதோ என்று தோன்றும் அளவுக்குச் சாயும்; ஆனால் சக்கரங்கள் தரையை விடாது. மேடுபள்ளத்தில் டயரைத் தரையோடு வைத்திருப்பதுதான் சஸ்பென்ஷனின் முதல் கடமை. தரையை விட்டெழும்பிய டயருக்கு எந்தப் பிடியும் இல்லை.

நம் சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் அதிராமல் கடக்கும்படி இருக்க வேண்டும். தவளக்குப்பம் முதல் அரியாங்குப்பம் வரை ஓட்டுகிறவருக்குத் தான் தினமும் கடக்கும் வேகத்தடைகள் எப்படிப்பட்டவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அங்குலம் இறக்கிய காரில் அடிப்பாகம் உரசும் என்பது சின்னச் சங்கடம். சக்கரம் மேலேறுவதற்கான இடம் தீர்ந்து, ஆர்ம் ரப்பர் தடுப்பில் மோதுவதுதான் பெரிய ஆபத்து. மோதிய அந்தக் கணத்தில் அங்கே ஸ்பிரிங்கே இல்லாத நிலை. வளைவில் இது நேர்ந்தால் அந்தச் சக்கரம் சொல்லாமல் வழுக்கும்.

ஆகவே தம்பி, என் யோசனை இது. முதலில் பழைய வண்டியின் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் எல்லாவற்றையும் சோதித்துத் தேய்ந்ததை மாற்றுங்கள். பதினைந்து வயது ரப்பரின் மேல் எந்த உயர்ந்த ஸ்பிரிங்கும் தன் வேலையைச் செய்யாது. இந்தக் கார்கள் காற்றிறங்கினாலும் ஓடக்கூடிய, பக்கச்சுவர் விறைத்த டயர்களோடு வந்தவை. சாதாரண நல்ல டயருக்கு மாறினாலே பாதிக் குலுக்கல் போய்விடும். ஸ்டெப்னிக்கு மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிறகு விறைப்பைத் திருகி மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் முப்பது சதவீதத்துக்கு மேல் விறைக்க வேண்டாம். உயரம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அலைன்மென்ட் பாருங்கள். முன்சக்கரத்தை வழக்கத்தைவிட அதிகமாக உள்சாய்த்தால் டிரிஃப்டுக்கு நல்லது; தினசரி ஓட்டத்தில் டயரின் உள்விளிம்பைத் தின்றுவிடும்.

உங்கள் ஊர் கடலோரம். உயரம் மாற்றக்கூடிய காயிலோவர் வகை சஸ்பென்ஷன் போட்டால், அதன் மரையில் உப்புக்காற்றும் மழைநீரும் சேர்ந்தால் துரு பிடித்து வளையம் இறுகிவிடும். அடிக்கடி கழுவி, கிரீஸ் தடவி வையுங்கள்.

என்னை வருத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காசை மிச்சப்படுத்த ஸ்பிரிங்கை அறுத்து வண்டியை இறக்குகிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். அறுத்த முனை தனக்குரிய இடத்தில் சரியாக அமராது. பள்ளத்தில் இடம்விட்டு நழுவவும் கூடும். அழகுக்காகச் செய்யும் இந்த வேலை வண்டியில் இருப்பவரையும் எதிரே வருபவரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறது. அதைவிடப் பரவலானது அலட்சியம். எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட ஷாக் அப்சார்பரை நினைப்பதில்லை. அது ஒரே நாளில் சாவதில்லை. மெல்ல மெல்லத் தளர்கிறது. நாமும் அதற்குப் பழகிவிடுகிறோம். பிரேக் பிடிக்கையில் டயர் தரையில் துள்ளுவதும், நிற்கும் தூரம் நீள்வதும் நமக்குத் தெரிவதேயில்லை.

டிரிஃப்டுக்கு இடம் திடல்தான். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. முறையாக அனுமதி பெற்று, ஹெல்மெட் அணிந்து பழகுங்கள். பொதுச்சாலையில் வேகப் பரீட்சை நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தவளக்குப்பம் நால்ரோட்டில் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்.

டிரிஃப்டில் நாட்டமில்லாத வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் காரின் நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுப் பாருங்கள். எழும்பி உடனே அடங்கினால் சரி. மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தாலும், ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். செலவு செய்வதென்றால் முதலில் புஷ், பிறகு டயர், பிறகு ஷாக் அப்சார்பர், கடைசியில்தான் ஸ்பிரிங். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.