எண்ணெய்ச் சட்டியும் ஆகாய விமானமும்

பஜ்ஜி பொரித்து மிஞ்சிய எண்ணெயில் ஆகாய விமானம் பறக்கும் என்றால் வாசகர்கள் நகைக்கக் கூடும். விளையாட்டன்று, அவ்வெண்ணெயினின்று விமான எரிபொருள் வடிக்கப் பானிபட் சுத்திகரிப்பு ஆலை 2025-ம் வருஷமே சர்வதேச அத்தாட்சி பெற்றுவிட்டது. கரியமில வாயுவைக் குறைக்கும் பொருட்டு, வெளிநாடு செல்லும் விமானங்களில் 2027-ல் நூற்றுக்கு 1 பங்கும் 2030-ல் 5 பங்கும் இத்தகைய எரிபொருளைக் கலக்க வேண்டுமென்பது இந்திய சர்க்காரின் திட்டம். கரும்புச் சாராயத்திலிருந்தும் இதை ஆக்கலாம். ஆனால் கரும்பு குடிக்கும் தண்ணீர் கொஞ்சமா? ஆகவே பழைய எண்ணெயே உத்தமம். அதுவோ பல இடங்களில் மலிவாகக் கைமாறி, வேறொரு கடைச் சட்டியில் கொதித்து, மறுபடி ஏழைகளின் வயிற்றிலேயே விழுகிறது. அதைத் தடுக்க, கடைக்காரருக்கு நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டும். டிக்கெட்டு விலை சற்று ஏறுமே என்கிறீர்களா? விமானமேறும் சீமான்கள் கொடுக்கட்டுமே!